பழகாத கை

கடைசியாக அம்மாவும் நானும் சேர்ந்து செய்த வேலை, கேஸ் சிலிண்டர் மாற்றியது. புதன்கிழமை சாயங்காலம். நான் கம்பெனியிலிருந்து வந்து தோள்பையைக்கூட இறக்கவில்லை. அடுப்பு அணைந்து சோறு பாதி வெந்து நின்றிருந்தது. காலி சிலிண்டரை நான் உருட்டிக்கொண்டுபோய் வாசலில் வைத்தேன். அம்மா புதியதன் மூடியைக் கழற்றி, உள்ளே வாஷர் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். ரெகுலேட்டரை நான் மாட்டினேன்.

"சரியா உக்காந்துடுச்சும்மா. பத்த வை."

"இருடி."

துணி சோப்பை உள்ளங்கையில் தேய்த்து நுரையாக்கி, ரெகுலேட்டரைச் சுற்றித் தடவினாள். இரண்டு முட்டிகளையும் பிடித்துக்கொண்டு குனிந்தாள். குமிழி வரவில்லை. வராததை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் பாக்குற வேலையே இதுதான்மா. இதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தராங்க."

"அது கம்பெனி. இது என் வூடு."

பிறகுதான் தீப்பெட்டியை எடுத்தாள். சோறு குழைந்துவிட்டது. அதையே சாப்பிட்டுப் படுத்தோம்.

மறுநாள் காலை ஆறரைக்குக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, நெஞ்சை அடைக்கிறது என்றாள். ஆட்டோ வரப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. வயது ஐம்பத்தெட்டு. பெயர் செங்கமலம்.

அம்மா புதுச்சேரிக்குத் தெற்கே பாகூர் கொம்யூனின் ஊர்களைத் தாண்டி அதிகம் போனவள் இல்லை. அப்பா நான் ஒன்பதாவது படிக்கும்போது இறந்தார். அதற்கு முன்பும் பின்பும் அவளுடைய வேலை ஒன்றுதான். ஒன்பது பெண்கள் கொண்ட ஒரு செட்டு. நடவுக்கும் களையெடுப்புக்கும் நிலத்துக்காரர்கள் அம்மாவிடம் சொல்வார்கள், அம்மா ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவாள். சேற்றில் இறங்குவதற்கு முன் நிலத்தை ஒரு சுற்று சுற்றி வருவாள். யாருக்கு எந்த இடம் என்று பிரித்துவிடுவாள். முட்டி ரொம்ப மோசமானவர்களுக்கு வரப்பு ஓரம். பிடித்துக்கொண்டு எழுந்திருக்கலாம்.

வேலை முடிந்து மற்றவர்கள் கால் கழுவப் போன பிறகு, அவள் மட்டும் திரும்ப நிலத்துக்குள் போவாள். அங்கங்கே குனிந்து, களை எடுத்த இடத்தில் விரலை விட்டுத் துழாவுவாள். வேர் தங்கியிருந்தால் அந்த வரிசைக்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். கால் கழுவியவள் மறுபடியும் சேற்றில் இறங்க வேண்டும். திட்டிக்கொண்டேதான் இறங்குவார்கள். ஆனாலும் அந்தச் சுற்றுப்பக்கத்தில் நிலத்துக்காரர்கள் கேட்பது ஒரே கேள்வி: "செங்கமலம் பாத்துட்டாளா?" பார்த்துவிட்டாள் என்றால் அவர்கள் வந்து பார்ப்பதில்லை.

போன வருடம் கோடையில் வீரமணி என்கிற நிலத்துக்காரர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கு ஏழு காணி நெல். அம்மாவின் செட்டுக்குப் பாதி வேலை அவர் நிலத்தில்தான்.

"தப்பா எடுத்துக்காத செங்கமலம். உன் ஆளுங்களால முன்ன மாதிரி முடியல. மூணு நாள் வேலை அஞ்சு நாள் ஆவுது. வர்ற நவரைப் பட்டத்துலர்ந்து களைக்கு மருந்து அடிச்சிடலாம்னு இருக்கன். ரெண்டு ஆளு, ஒரு காலை. முடிஞ்சிடும்."

அம்மா வீட்டுக்கு வந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவரு மருந்து அடிச்சா பக்கத்து நெலத்துக்காரரும் அடிப்பாரு. அப்புறம் எங்களை எவன் கூப்புடுவான்? விருத்தாம்பாளுக்கு அறுபத்திரண்டு வயசு. அவ இன்னா, கம்பெனிக்கா போவா?"

தைலத்தை வாங்கி மற்ற முட்டிக்குத் தேய்த்துவிட்டேன்.

ஜூலையில் எனக்கு ஒரு போன் வந்தது. வில்லியனூருக்கு அந்தப் பக்கம் நான் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து. நான் படிக்கும்போது இல்லாத ஒன்று இப்போது அங்கே இருந்தது. தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கொட்டகை. அதில் மாணவர்கள் தாங்களே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து, தாங்களே வரைந்து, வெட்டி, வெல்டிங் வைத்து ஒரு கருவியைச் செய்ய வேண்டும். ஆசிரியர் கேள்வி கேட்கலாம், கை வைக்கக் கூடாது. வெளியில் அந்தப் பிரச்சினை உள்ள ஒரு நிஜ ஆள் வேண்டும். அவர் கருவியை ஓட்டிப் பார்த்து, வேலை செய்கிறது என்று கடைசியில் பயனாளர் சான்றில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பல்கலைக்கழகமே அதே மாதிரி பத்துக் கருவிகள் செய்து, வேலை செய்கிறவர்களே வைத்து ஓட்டும்படி ஊர்களுக்குக் கொடுக்கும்.

ஒரு குழு நெல்லுக்குக் களை எடுக்கும் மிஷின் செய்கிறது, பாகூர் பக்கம் யாராவது கிடைப்பார்களா என்று கேட்டார் கொட்டகைக்குப் பொறுப்பான ஆசிரியர். என் அம்மா என்றேன்.

மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஸ்கூட்டரில் வந்தார்கள். குழுத் தலைவி அஃப்ரின். அவளுடைய அப்பா கௌஸ் பாஷா வில்லியனூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். போல்ட்டைத் தொட்டுப் பார்த்தே அளவு சொல்கிற பெண். மோட்டாரும் பேட்டரியும் அரியாங்குப்பத்து டேனியலின் பொறுப்பு. மூன்றாவது தமிழ்க்குமரன், திருக்கனூரில் கரும்பு போடுகிற குடும்பம்.

"கரும்புக்காரன் மவனா? சேத்துல எறங்கியிருக்கியா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. ஆஸ்டல்லயே படிச்சிட்டன்."

"பரவால்ல. எறங்குனவங்க எல்லாம் முட்டி போயி கெடக்கறம்."

அம்மா அவர்களிடம் மறைக்காமல் சொன்னாள். மருந்து அடிப்பதைவிட மிஷின் சீக்கிரமாக முடிக்க வேண்டாம். கிட்டே வந்தால் போதும். பெண்கள் நின்றபடி தள்ள வேண்டும். அது இருந்தால் வீரமணியிடம் பேசலாம். செட்டு பிழைக்கும்.

அஃப்ரின் கொட்டகையில் கொடுத்த படிவத்தைப் பார்த்துக் கேட்டாள். "ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் எவ்ளோ எடம் வுடுவீங்கம்மா?"

"ஒரு சாண்."

டேனியல் போனில் தேடினான். "ஒரு சாண் ஒன்பது இன்ச்."

"இருபத்திமூணு சென்டிமீட்டர்," என்றேன் நான். படிவத்தில் அந்த எண்ணை எழுதியதும் நான்தான். அஃப்ரினின் கையெழுத்து சின்னதாக இருந்தது, கட்டத்துக்குள் என் எழுத்து தெளிவாக இருக்கும் என்று.

வாகன உதிரிப்பாகக் கம்பெனியில் தர ஆய்வாளர் வேலை எனக்கு. எட்டு வருடமாக அளவெடுப்பதுதான் பிழைப்பு. யாருடைய சாண் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அக்டோபரில் முதல் மிஷினைச் சின்ன யானை லோடு வண்டியில் கொண்டுவந்தார்கள். முள் பதித்த இரண்டு உருளைகள், முன்னால் ஒரு மிதவை, நடுவில் பேட்டரி. இருபத்தோரு கிலோ. கொட்டகைக்குப் பின்னால் தொட்டி கட்டி மணல் கலந்த சேற்றில் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். அதில் நன்றாக ஓடியதாம். வீடியோ காட்டினார்கள்.

வீரமணி நிலம் களிமண். ஏரித் தண்ணீர் பாய்ந்தால் முழங்கால் வரை இழுக்கும். மிஷின் மூன்றடி போய் உட்கார்ந்தது. டேனியல் தூக்கி நகர்த்தினான். மறுபடியும் ஓடியது. ஓடிய இடத்தில் களை புரண்டது, கூடவே நாற்றும் புரண்டது. முதல் பத்தடியில் பதினாறு நாற்று. நான் எண்ணினேன்.

"இது களை எடுக்கலடா. நெல்லை எடுக்குது," என்றாள் அம்மா.

"வீரமணி ஐயாகிட்ட காட்டாதீங்க," என்றாள் விருத்தாம்பாள் வரப்பிலிருந்து. "அறுப்பும் சேந்து முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சிக்கப் போறாரு."

பெண்கள் சிரித்தார்கள். டேனியலும் சிரிக்கப் பார்த்தான். கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டான். அவனைத் தூக்க இரண்டு பேர் போக வேண்டியிருந்தது. அஃப்ரின் மட்டும் சிரிக்கவில்லை. மிதிபட்ட நாற்றுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி நட்டுக்கொண்டே வந்தாள். அவள் நட்டது சரியாக நிற்கவில்லை. அம்மா பின்னாலேயே போய் மறுபடி நட்டாள்.

நவம்பரில் அஃப்ரின் தனியாக வீட்டுக்கு வந்தாள். இடைக்கால ஆய்வுக்கு ஒரு படிவம். பயனாளர் கையெழுத்து வேண்டும். "கருவி பயன்பாட்டுக்கு உகந்த நிலையில் உள்ளது" என்று அச்சடித்திருந்தது. கையெழுத்து இல்லையென்றால் குழுவைக் கொட்டகையிலிருந்து எடுத்துவிடலாம். அவள் இதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போட்டுடும்மா," என்றேன். "நடுவுல கேக்குற படிவம்தான. புள்ளைங்க பாவம். பின்னாடி சரி பண்ணிக்குவாங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ கம்பெனில இப்பிடித்தான் போடுறியாடி?"

மாதக் கடைசியில், சரக்கு ஏற்ற வண்டி வாசலில் நிற்கும்போது, அப்படிப் போட்டது உண்டு.

அவள் அஃப்ரின் பக்கம் திரும்பினாள். "உம்மேல கோவம் இல்ல கண்ணு. பத்து மிஷின் செஞ்சி பத்து ஊருக்குக் குடுப்பாங்கன்ற. பத்து ஊர்லயும் நெல்லை மிதிச்சா, பொம்பளைங்க கையில குடுத்தா இப்பிடித்தான்னு சொல்லிட்டு மறுநாளே எல்லாரும் மருந்துக்குப் போயிடுவாங்க. அப்புறம் நான் இன்னா சொன்னாலும் எவன் நம்புவான்?"

"சரிம்மா."

"இன்னா ஆச்சுன்னு எழுதிக் குடு. நெல்லை மிதிச்சிதுன்னு எழுது. அதுக்குக் கையெழுத்து போடறன்."

அஃப்ரின் அச்சடித்த வரியை அடித்துவிட்டு எழுதினாள். அம்மா தன் பெயரை ஆறு எழுத்தும் தனித்தனியாக நிற்கும்படி போட்டாள். கொட்டகையில் அதை எடுத்துக்கொண்டார்கள். குழுவை நீக்கவில்லை. ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: ஏன் மிதித்தது?

அடுத்த ஞாயிறு மூவரும் மறுபடி வந்தார்கள். செட்டுப் பெண்கள் எல்லோரையும் எங்கள் வீட்டு வாசலில் உட்காரவைத்து, என் பையிலிருந்த இரும்பு ஸ்கேலைத் தரையில் போட்டோம். ஒவ்வொருவராகக் கையை விரித்து வைத்தார்கள்.

"மோதிரத்தைக் கயட்டணுமா?"

"உனக்கு ஏதுடி மோதிரம்?"

"ஒரு பேச்சுக்குக் கேட்டன்."

ஒன்பது கை. பதினேழரை சென்டிமீட்டரிலிருந்து இருபத்தொன்று வரை. அம்மாவுடையது பதினெட்டே கால். ஒன்பது பேரும் ஒரு சாண் என்றுதான் நடுகிறார்கள். பத்தடிக்கு ஒருத்தி. அவரவர் கை மாறுகிற இடத்தில் இடைவெளியும் மாறுகிறது. இருபத்திமூன்று என்று நான் எழுதிய எண் அந்த நிலத்தில் எங்குமே இல்லை.

டேனியல் ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, ஒன்பது அளவுக்கு எப்பிடி மிஷின் பண்றது?"

"ஒன்பதுக்குப் பண்ண வேணாம்," என்றாள் அம்மா. "ஒரு அளவு சொல்லு. கயிறு கட்டி நடறம்."

பெண்கள் முனகினார்கள். கயிறு கட்டி நட்டால் ஒவ்வொரு வரிசைக்கும் நிமிர்ந்து கயிற்றை நகர்த்த வேண்டும். நேரம் இழுக்கும். நிமிர்ந்து நிமிர்ந்து குனிவதுதான் முட்டிக்கு ஆகாதது. அம்மா அவர்களைப் பேசவிட்டாள். பேசி முடித்த பிறகு, "மருந்து அடிச்சா முட்டிக்கு ரொம்ப நல்லது. வூட்லயே இருக்கலாம்," என்றாள். விருத்தாம்பாள் கயிறு எவ்வளவு வேண்டும் என்று கேட்டாள்.

வீரமணியிடம் நானும் கூடப் போனேன்.

"நவரையில அரைக் காணி குடுங்கண்ணே. கயிறு கட்டி நட்டுத் தரம்."

"மருந்துக்கு ஆள் சொல்லிட்டன் செங்கமலம்."

"அரைக் காணி போக மிச்சத்துக்கு அடிங்க. ரெண்டுத்தையும் பக்கத்துல பக்கத்துல பாருங்க. எது நல்லா இருக்குதோ அதுவே இருக்கட்டும்."

"நீயே பாத்து சொல்லு. நீ சொன்னா நான் வேற எதையும் பாக்க மாட்டன். ஆனா நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லணும்."

"வேற எப்பிடி சொல்லுவன்?"

டிசம்பர் முழுவதும் பிள்ளைகள் கொட்டகையிலேயே கிடந்தார்கள். ஒரு ஞாயிறு நான் போயிருந்தேன். அஃப்ரின் தலைத்துணிக்கு மேல் முகக்கவசத்தை இறக்கி வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் நாற்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டத்தைக் குறுக்கி, உருளைகளைப் பிளாஸ்டிக் குழாயில் செய்து, பதின்மூன்று கிலோவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கைப்பிடி முதலில் டேனியலின் உயரத்துக்கு இருந்தது. நான்கு அங்குலம் வெட்டினார்கள். சேலை சிக்காமல் சங்கிலிக்கு மூடி போட்டார்கள். மூன்று பேருக்கும் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. தமிழ்க்குமரன் மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஜனவரி இருபத்தேழாம் தேதி இரண்டாவது ஓட்டம். கயிறு கட்டி நட்ட அரைக் காணி. நட்டு இருபத்திரண்டு நாள். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிஷினைப் பிடித்தாள். உருளை வரிசைக்கு நடுவில் போனது. கோரை புரண்டு சேற்றுக்குள் அமுங்கியது. நாற்று அசையவில்லை. வரப்பு ஓரத்தில் திருப்பும்போது கொஞ்சம் சிரமப்பட்டாள். அரைக் காணியில் பாதியை அவளே தள்ளினாள். மற்ற பாதியை விருத்தாம்பாளும் இன்னொருத்தியும் மாற்றி மாற்றித் தள்ளினார்கள். பதினோரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. வரிசைக்குள் செடியை ஒட்டி நின்ற களையை மட்டும் கையால் எடுக்க வேண்டியிருந்தது.

பிறகு அம்மா திரும்ப நிலத்துக்குள் போனாள். விரலை விட்டுத் துழாவினாள். பத்து இடம், பதினைந்து இடம். பிள்ளைகள் மூவரும் வரப்பில் நின்று அவள் முதுகையே பார்த்தார்கள். அவள் கரையேறியபோது முகத்தில் சிரிப்பு இருந்தது.

"வேர் வந்துடுது," என்றாள்.

வீரமணி, "பரவால்லையே," என்றார். டேனியலும் தமிழ்க்குமரனும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அஃப்ரின் பையிலிருந்து பயனாளர் சான்றை எடுத்தாள். பேனாவைத் திறந்து நீட்டினாள்.

அம்மா கையைச் சேலையில் துடைத்தாள். பேனாவை வாங்கவில்லை.

"நல்லா ஓடுது கண்ணு. ஆனா எனக்கு ஓடுது."

"புரியலம்மா."

"ஜூலையிலர்ந்து இதையே பேசிக்கினு இருக்கறன். எங்க சிக்கும், எங்க தூக்கணும், எனக்குத் தெரியும். விருத்தாம்பாளுக்கும் நான் சொல்லிட்டன். எங்க கை பழகிப்போச்சு. நீ பத்து ஊருக்குக் குடுக்கப் போற. அங்க நான் போயி சொல்லிக் குடுப்பனா? பழகாத கை தள்ளணும். அது தள்ளி ஓடுனா போடறன்."

நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் வேலையில் இதற்கென்று தனிப் பயிற்சியே உண்டு. ஒரே ஆள் எடுத்த அளவை ஏற்கக் கூடாது, வேறு கை எடுத்துப் பார்க்க வேண்டும். சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். அன்று அது எனக்குத் தோன்றவில்லை. பசி. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

"யார் தள்ளணும்மா?" என்றாள் அஃப்ரின்.

அம்மா சேற்றுக் காலை வரப்புப் புல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "காசம்மாளைத்தான் கூப்புடணும்."

"யாரை?" என்றாள் விருத்தாம்பாள்.

"காதுல வுழுந்துச்சு இல்ல."

காசம்மாள் குருவிநத்தத்துக்காரி. அவளும் ஒரு செட்டு வைத்திருக்கிறாள். அம்மாவைவிட இரண்டு வயது பெரியவள். ஒரு காலத்தில் இரண்டு செட்டும் பெரிய நிலங்களுக்குச் சேர்ந்தே போவார்கள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், ரேஷன் கடை வரிசையில் நின்றபோது, காசம்மாள் செட்டு வேரை விட்டுவிட்டுத் தலையைக் கிள்ளுகிறது என்று அம்மா சொல்லிவிட்டாள். கோபத்தில் சொன்னது. அந்த வாரம் காசம்மாள் அம்மாவிடம் இருந்த ஒரு பெண்ணைத் தன் செட்டுக்கு இழுத்திருந்தாள். ஆனால் சொன்னது செங்கமலம். கேட்டவர்கள் நம்பினார்கள். காசம்மாளுக்கு அடுத்த பட்டத்தில் இரண்டு நிலத்து வேலை போய்விட்டது. காசம்மாள் களை எடுத்த நிலத்தில் அம்மா விரலை விட்டுப் பார்த்ததே இல்லை. பார்க்காமல் சொன்னது அந்த ஒரு தடவைதான் என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அதிலிருந்து இருவரும் பேசுவதில்லை. வேறு யாரையாவது கூப்பிடலாமே என்றேன்.

"எனக்குப் பயந்து நல்லா இருக்குதுன்னு சொல்ற ஆளு வேணாம். அவ சொல்ல மாட்டா. ஒரு செடி சாஞ்சாலும் ஊரைக் கூட்டுவா," என்றாள் அம்மா. "அவ ஓடுதுன்னு சொன்னா ஓடுதுன்னு அர்த்தம்."

வீரமணியிடம் கேட்டு, ஏரிக்கரைப் பக்கம் தரிசாகக் கிடந்த கால் காணியில் ஜனவரி கடைசியில் கயிறு கட்டி நட்டார்கள். காசம்மாள் தள்ளிப் பார்ப்பதற்கென்றே. பிப்ரவரி கடைசியில் களைக்கு வரும். மார்ச் பத்துக்குள் முடிக்க வேண்டும், அதற்குப் பிறகு செடி மூடிக்கொள்ளும், மிஷின் போகாது. பிள்ளைகளின் இறுதி ஆய்வு மார்ச் பதினான்கு.

குருவிநத்தம் போக வேண்டும். போய் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகுதான் மிஷினைப் பற்றிப் பேச முடியும். அம்மா தள்ளிப்போட்டாள். முட்டி வலி என்றாள். ஒரு கல்யாணம் வந்தது. ஒரு நாள் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள்.

"பஸ் வரல."

"அரைமணிக்கு ஒண்ணு இருக்குதேம்மா."

"வரலன்றன் இல்ல."

விருத்தாம்பாளின் தங்கச்சி அந்த ஊரில்தான் இருக்கிறாள். அவளிடம், ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்று காசம்மாளுக்குச் சொல்லி அனுப்பினாள். அஃப்ரின் வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்தாள். அவசரப்படுத்தவில்லை. எப்படி இருக்கீங்கம்மா என்று மட்டும் கேட்பாள். சிலிண்டர் மாற்றிய அந்தப் புதன்கிழமை ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவும்போது அம்மா, "வெள்ளிக்கிழமை காலையில போயிட்டு வந்துடறன். நீயும் லீவு போட்டுட்டு வரியா?" என்றாள். பார்க்கலாம் என்றேன். மாதக் கடைசி இல்லை, லீவு கிடைத்திருக்கும். ஆனாலும் பார்க்கலாம் என்றுதான் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் அம்மாவை எடுத்தோம்.

காசம்மாள் வந்தாள். அவளுடைய செட்டுப் பெண்கள் ஐந்து பேருடன், ஒரு மாலையோடு. அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் மாரடித்து அழுதபோது அவள் அழவில்லை. அம்மாவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கௌஸ் பாஷா மகள் அஃப்ரினோடு வந்து தெருவில் நின்றார். டேனியல் நாற்காலிகளை இறக்கிப் போட்டான். யாரும் சொல்லாமலே பந்தலுக்கு லைட் கட்டினான்.

எல்லாம் முடிந்து, தலை முழுகிவிட்டு நான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். காசம்மாள் கிளம்புவதற்கு முன் என்னிடம் வந்தாள்.

"உங்கம்மா என்னை வந்து பாக்கறன்னு சொல்லி அனுப்புனாளாமே. இன்னாத்துக்குடி?"

சொல்லியிருக்கலாம். இரண்டே வரி. ஆனால் வாயைத் திறந்தால் நான் சொல்லப்போவது மிஷின் தள்ள வாருங்கள் என்பதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அம்மாவை எரித்துவிட்டு வந்த ஈரத் தலையோடு அதைச் சொல்ல முடியவில்லை. அம்மா கேட்க இருந்த மன்னிப்பைச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

"தெரியல அத்த."

"ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல."

அவள் நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. நான் வேலைக்குப் போகிறேன். வருகிறேன். சான்று என்னிடம்தான் இருக்கிறது. பயனாளர் மறைந்துவிட்டால் குடும்பத்தினர் போட்டாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்று ஆசிரியர் போனில் சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அஃப்ரினிடம் கேட்டேன்.

"நீங்க போட்டா எங்களுக்கு மார்க் வந்துடும்க்கா," என்றாள். "ஆனா அம்மா கேட்டது இன்னும் நடக்கலியே," என்றாள். அவள் குரலிலும் களைப்பு இருந்தது. நான் போடவில்லை.

வீரமணி வந்தார். அரைக் காணியில் பயிர் நன்றாக இருக்கிறது என்றார். "ஆனா செங்கமலம் கடைசியா இன்னா சொன்னான்னு தெரியணும். அடுத்த பட்டத்துக்கு மிஷினா மருந்தான்னு அதை வெச்சித்தான் முடிவு பண்ணுவன்."

"ஒரு ஆள் தள்ளிப் பாக்கணும்னு சொன்னாங்க."

"தள்ளிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"சரி. தள்ளிட்டு சொல்லு."

செட்டில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். இப்போது யார் ஆள் கூட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை. நேற்று விருத்தாம்பாள் வந்திருந்தாள். ஏரிக்கரைக் கால் காணியில் கோரை தலை காட்டிவிட்டதாம். "நான் போயி கூப்புட்டா காசம்மா வர மாட்டா. நீ போ பாப்பா," என்றாள். சரி என்றேன்.

மிஷின் எங்கள் வீட்டுப் பின்கட்டில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. டேனியல் பேட்டரியைச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறான். இன்று மார்ச் நான்காம் தேதி. செடி மூடிக்கொள்ள இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

காசம்மாளை வரச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், ரேஷன் கடையில் சொன்னது பார்க்காமல் சொன்னது, தப்பு என்று சொல்ல வேண்டும். அது அம்மா சொல்ல வேண்டியது. நான் சொன்னால் காசம்மாள் ஏற்றுக்கொள்வாளா என்று தெரியவில்லை. இங்கிருந்து குருவிநத்தம் ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. இன்னும் யாரும் போகவில்லை.